1420-இல் யாரும் பேசக்கூடாது

வானொலிக்காரர்களுக்கு எண்தான் முகவரி. 96.8 என்று தொடங்கினால் போதும், சிங்கப்பூரில் நம்மவர்கள் மீதியைத் தாங்களே சொல்லிவிடுவார்கள். ஓர் எண்ணுக்கு ஒரு நிலையம். கொஞ்சம் தள்ளித் திருப்பினால் பாட்டு போய், இரைச்சல்தான் மிஞ்சும்.

ஆனால் எந்த நிலையத்துக்கும் கொடுக்கப்படாத ஒரு பகுதியும் உண்டு. அது 1400 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 1427 வரை. வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி, ராடார் என எதுவும் அங்கே அலை அனுப்பக்கூடாது என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதி. எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த இடம் கிடைக்காது. ஏனென்றால், 1420.4-இல் ஏற்கெனவே ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் பெயர் ஹைட்ரஜன்.

இந்த எண்ணை வானத்தில் தேடச் சொன்னவர், அங்கே அதைக் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை. காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொன்னார். அது காதில் விழ ஏழு ஆண்டுகள் ஆயின. கோட்பாட்டு ஆய்வு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கதை இதுதான்.

1944. நெதர்லாந்து ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்தது. லைடன் பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் நின்று நாளாகியிருந்தன. இருந்தும் வானியலாளர் யான் ஓர்ட் ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நமது பால்வீதி என்ன வடிவத்தில் இருக்கிறது? வெளியே போய்ப் படம் எடுக்க முடியாது. நாம் அதற்குள்ளேயே இருக்கிறோம். உள்ளிருந்து பார்க்கலாம் என்றால் தூசி மறைக்கிறது. தொலைநோக்கியில் அழகாகத் தெரியும் நெபுலாக்கள் எல்லாம் பக்கத்திலுள்ள சூடான விண்மீன்களின் தயவில் ஒளிர்பவை. விண்மீன்களுக்கு இடையே பரவிக் கிடக்கும் வாயுவில் பெரும்பகுதி குளிர்ந்தது, இருண்டது. அது கண்ணுக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு கட்டுரை, போரையும் தாண்டி, லைடனுக்கு வந்து சேர்ந்தது. குரோட் ரீபர் என்ற பொறியாளர், தன் வீட்டுத் தோட்டத்தில் தானே கட்டிய தட்டை வைத்து, வானத்திலிருந்து வரும் வானொலி இரைச்சலைப் பதிவு செய்திருந்தார். வானொலி அலையைத் தூசி தடுக்காது. ஓர்டுக்கு உடனே பொறி தட்டியது. அந்த இரைச்சலுக்குள் ஒரே ஓர் எண்ணில் மட்டும் ஒலிக்கும் குரல் ஏதாவது இருக்குமா? இருந்தால் அந்த எண் சற்றே கூடுவதையும் குறைவதையும் வைத்து, வாயு நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று சொல்லிவிடலாம். ஆம்புலன்ஸ் நெருங்கும்போது சத்தம் கூர்மையாகி, தாண்டியதும் தணிகிறதே, அதே கணக்கு.

கேள்வியை ஹென்க் வான் டி ஹுல்ஸ்ட் என்ற மாணவரிடம் கொடுத்தார். அவருக்கு அப்போது வயது 25.

ஹைட்ரஜன் அணு என்பது நடுவில் ஒரு புரோட்டான், அதைச் சுற்றி ஓர் எலக்ட்ரான், அவ்வளவுதான். இரண்டும் குட்டிக் காந்தங்கள் போல நடந்துகொள்கின்றன. இரண்டின் சுழற்சியும் ஒரே திசையில் இருந்தால் அணுவின் ஆற்றல் இம்மியளவு கூடுதல். எதிரெதிராக இருந்தால் இம்மியளவு குறைவு. கூடுதலிலிருந்து குறைவுக்கு எலக்ட்ரான் தலைகீழாகப் புரளும்போது அந்த இம்மி ஆற்றல் வானொலி அலையாக வெளியேறுகிறது. அலையின் நீளம் 21 சென்டிமீட்டர். உங்கள் அலுவலக அச்சுப்பொறியில் இருக்கும் ஏ4 தாளின் அகலம் அது.

இதில் ஒரு சிக்கல். விண்வெளியில் தனியாக விடப்பட்ட ஓர் அணு தானாகப் புரள்வதற்குச் சராசரியாக 11 மில்லியன் ஆண்டுகள் பிடிக்கும். இவ்வளவு சோம்பேறியான அறிவிப்பாளரை எந்த நிலையமும் வேலைக்கு வைக்காது. ஆனால் பால்வீதியில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கை கற்பனைக்கு அடங்காதது. ஒவ்வொருவரும் ஆயுளில் ஒரே ஒரு சொல் பேசினாலும், ஊர் பெரிதாக இருந்தால் எந்நேரமும் யாராவது பேசிக்கொண்டுதானே இருப்பார்கள்? ஏப்ரல் 1944-இல் லைடன் வானாய்வகத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் வான் டி ஹுல்ஸ்ட் இதைச் சொன்னார். கேட்கும் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. கேட்கக்கூடும், தேடிப் பார்க்கலாம் என்றார்.

போர் முடிந்தது. ஜெர்மானியர்கள் விட்டுச்சென்ற 7.5 மீட்டர் ராடார் தட்டு ஒன்றை வைத்து டச்சுக்காரர்கள் தேடத் தொடங்கினார்கள். 1950-இல் அவர்களுடைய வாங்கிக் கருவி தீப்பிடித்து எரிந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் ஹார்வர்டில் ஹரல்ட் யூவன் என்ற ஆராய்ச்சி மாணவரும் அவருடைய வழிகாட்டி எட்வர்ட் பர்செலும் வேறு மாதிரி முயன்றார்கள். 500 டாலர் உதவித்தொகையில் ஒட்டுப்பலகையும் செப்புத் தகடும் வாங்கி, புனல் மாதிரி ஒரு கூம்பு செய்து, அதை ஆய்வகச் சன்னலுக்கு வெளியே நீட்டி வைத்தார்கள். மழை பெய்தால் தண்ணீர் கூம்பு வழியாக உள்ளே வரும். மாணவர்கள் அதைக் குறிபார்த்துப் பனி உருண்டை எறிந்து விளையாடினார்களாம். 1951 மார்ச் 25 அன்று, அந்தக் கூம்பில் ஹைட்ரஜனின் குரல் கேட்டது.

கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்து வருகிறது. உலகில் முதன்முதலாக ஒன்றைக் கேட்டவர்கள் என்ன செய்வார்கள்? மறுநாளே ஊருக்குச் சொல்லி, பெயரைத் தட்டிக்கொண்டு போவார்கள். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. கணக்குப் போட்ட வான் டி ஹுல்ஸ்ட் அப்போது வருகைதரு ஆய்வாளராக ஹார்வர்டிலேயே இருந்தார். தங்கள் கருவியின் நுட்பத்தை டச்சு அணியுடன் பகிர்ந்துகொண்டார்கள். ஆஸ்திரேலியாவுக்கும் தகவல் போனது. மே மாதம் டச்சுக்காரர்களுக்குக் கேட்டது. சிட்னியில் கிறிஸ்டியன்சன், ஹிண்ட்மன் இருவரும் அவசரமாக ஒரு கருவியைக் கட்டி அவர்களும் கேட்டார்கள். செப்டம்பர் 1 அன்று ‘நேச்சர்’ இதழில் மூன்று நாடுகளின் செய்தியும் சேர்ந்தே வெளிவந்தது. முந்திக்கொடுப்பதே பிழைப்பாக இருக்கும் ஊடகத்தில் வேலை பார்க்கிறவர்கள் இதை ஒருமுறை நின்று யோசிக்கலாம்.

அந்த எண்ணால் என்ன கிடைத்தது? 1958-க்குள் பால்வீதியின் சுருள் கரங்களுக்கு ஒரு வரைபடம் வந்தது. பிறகு மற்ற விண்மீன் கூட்டங்களின் ஓரத்தில் இருக்கும் ஹைட்ரஜனை அளந்தபோது, அது எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுற்றுவது தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இருக்கிறது என்பதற்கு அது முக்கியமான சான்று.

சரி, வீட்டுப் பேச்சுக்கு வருவோம். பிள்ளை வந்து, ‘இயற்கணிதம் படிக்கப் போகிறேன், கோட்பாட்டு இயற்பியல் படிக்கப் போகிறேன்’ என்றால், அம்மா அப்பாவிடமிருந்து வரும் முதல் கேள்வி, ‘அதைப் படிச்சிட்டு என்ன வேலைக்குப் போவ?’ கல்விக் கடனைத் தோளில் சுமப்பவர்கள் அப்படிக் கேட்பதில் தவறில்லை. பதிலும் இந்தக் கதையிலேயே இருக்கிறது. யூவன் பின்னாளில் வானொலிக் கருவிகள் செய்யும் நிறுவனம் தொடங்கினார். பர்செல் 1946-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, ஒரு மெழுகுத் துண்டுக்குள் இருந்த ஹைட்ரஜன் அணுக்கருக்களின் சமிக்ஞையைப் பிடித்தது பற்றியது. அதற்கு 1952-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று மருத்துவமனையில் எம்ஆர்ஐ எடுக்கிறோமே, நம் உடம்பின் நீரில் இருக்கும் ஹைட்ரஜனை அது கேட்பது அந்த வழியில்தான்.

ஆனாலும் வேலையையும் கருவியையும் காட்டி மட்டும் இந்தப் படிப்புக்கு வக்காலத்து வாங்க எனக்கு மனம் வரவில்லை. 1944-க்கு முன்பும் ஹைட்ரஜன் பேசிக்கொண்டுதான் இருந்தது. எங்கே திருப்பிக் கேட்பது என்று சொல்ல ஆள் இல்லை. கோட்பாட்டு ஆய்வாளரின் வேலை அந்த எண்ணைச் சொல்வது.

ஒருவர் சொன்ன எண் பல கைகள் மாறிப் போகிறது. சிட்னியில் கிறிஸ்டியன்சன் குழு இருந்த அதே ஆய்வு அமைப்பில் 1953 முதல் 1955 வரை பயிற்சி பெற்றவர் கோவிந்த் ஸ்வரூப். இந்தியா திரும்பியவர், ஊட்டி மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியைக் கட்டினார். 1970-இல் அது வேலை செய்யத் தொடங்கியது. அடுத்து புனே அருகே, 45 மீட்டர் அகலத்தில் 30 தட்டுகள் கொண்ட பெரிய தொலைநோக்கித் தொகுதியையும் அவர்தான் உருவாக்கினார். 2023-இல் அந்தத் தட்டுகள் வழியாகக் கிடைத்த ஒரு ஹைட்ரஜன் குரல், கிளம்பி ஏறத்தாழ 8.8 பில்லியன் ஆண்டுகள் ஆனது. வழியெல்லாம் அலை நீண்டு நீண்டு, 1420 என்று புறப்பட்டது சுமார் 620-ஆக இறங்கி வந்து சேர்ந்தது.

இதைக் கேட்க இப்போது பெரிய தட்டுகூட வேண்டாம். அட்டைப் பெட்டியும் அலுமினியத் தாளும் வைத்துக் கூம்பு செய்து, கணினியில் செருகும் சிறிய வாங்கிக் கருவியும் ஒரு பெருக்கியும் சேர்த்து, பல நாடுகளில் பள்ளி மாணவர்களே பால்வீதியின் ஹைட்ரஜனைப் பிடிக்கிறார்கள். அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு முயன்று பார்க்கலாம். பாட்டு எதுவும் வராது. திரையில் 1420.4-க்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேடு எழும்பும். அந்த இடத்தில் உலகமே பேசாமல் இருப்பதால்தான் அது தெரிகிறது.