தேய்மானமா, துருவா?

சென்ற வாரம் என் பேரன் ஆங்கிலப் பாடப் புத்தகத்தோடு வந்தான். "தாத்தா, 'வேர் அவே' என்றால் என்ன? வேர் என்றால் உடுத்துவது, அவே என்றால் தூரம். தூரமாக உடுத்துவதா?" சிரித்துக்கொண்டே, "தேய்ந்து போவதடா" என்றேன். "தேய்க்கிறதுன்னா அயர்ன் பண்றதுதானே?" என்றான். என் சிரிப்பு நின்றுவிட்டது.

அவனுக்குச் சொன்ன விளக்கம் இது. உராய்வாலோ நீராலோ ஒரு பொருளின் மேற்பரப்பு சிறிது சிறிதாக மறைவது 'வேர் அவே'. ஒகேனக்கல் பாறையைக் காவிரியும், கோயில் படியை நம் கால்களும் அப்படித்தான் தேய்க்கின்றன. செருப்பு உழைத்து உதவாமல் போனால் 'வேர் அவுட்'. மருந்தின் வேகம் தணிந்தால் 'வேர் ஆஃப்'. நச்சரித்து ஒருவரைத் தளர வைத்தால் 'வேர் டவுன்'. பின்னால் வரும் சிறு சொல் மாறினால் பொருளே மாறிவிடும். தமிழில் ஓர் எழுத்து போதும். 'தேய்ந்தது' தானாக நடந்தது. 'தேய்த்தது' ஒருவர் செய்தது.

இரயில்வேயில் தேய்மானம் அளப்பது என் தொழில். வளைவுகளில் வெளித் தண்டவாளத்தின் உட்பக்கத்தைச் சக்கர விளிம்பு உரசித் தேய்க்கும். கிரீஸ் பூசுவோம், அளவு பார்ப்போம், வேளை வந்தால் மாற்றிப் போடுவோம். அந்தத் தேய்மானம் குற்றமல்ல. வண்டி ஓடியதற்கு அடையாளம். வண்டியே வராத சைடிங் பாதையைப் பாருங்கள். அதை எதுவும் உரசவில்லை, ஆனாலும் துரு தின்றிருக்கும். ஓடுகிற தண்டவாளத்தின் தலையோ பளபளவென்று மின்னும்.

கன்னடத்தோடும் ஆங்கிலத்தோடும் உரசி நம் பிள்ளைகளின் தமிழ் தேய்ந்துவிட்டது என்று வருந்துகிறோம். நான் அதை ஒப்பமாட்டேன். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குத் தண்டவாளம் வந்தது 1864இல். அதற்கு முன்னும் பின்னும் வந்த தமிழர்கள் கன்னடத்தோடு பழகிக்கொண்டேதான் தமிழும் பேசினார்கள். விவேக் நகரில் எங்கள் தெருவுக்கு வரும் காய்கறி வண்டிக்காரர் ஒரே மூச்சில் இரண்டும் பேசுகிறார், இரண்டும் பளபளக்கின்றன.

என் பேரனின் தமிழ் தேயவில்லை, ஓடவில்லை. அவனிடம் ஆங்கிலத்தில் பேசிப் பெருமைப்பட்டவர்களில் நானும் ஒருவன். பழி அயல்மொழி மீதல்ல, என் மீது.

இப்போது இரவுச் சாப்பாட்டின்போது எங்கள் வீட்டில் தமிழ் மட்டும். தப்பாகப் பேசினாலும் யாரும் சிரிக்கக் கூடாது என்பது விதி. நேற்று அவன் தன் தாயிடம், "குக்கரைத் தேய்ச்சாச்சா?" என்று கேட்டான். ஒரு சொல்லில் துரு விட்டது. உங்கள் வீட்டிலும் ஒரு வேளையாவது வண்டியை ஓட்டிப் பாருங்கள்.