உதைபந்தாட்டமும் உடைமையும்

உதைபந்தாட்டத்தைப் பற்றி முற்போக்காளன் ஒருவன் எழுதப் புகுந்தால் நம்மவரிடையே இருவகை முகச்சுளிப்பை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. 'பந்தின் பின்னால் ஓடும் 22 பேரை வாய்பிளந்து பார்த்திருக்கும் கூட்டம் வர்க்க உணர்வு மழுங்கிய கூட்டம்; அதற்கு ஒரு கட்டுரையா?' என்பர் ஒருசாரார். 'விளையாட்டினுள் அரசியலைப் புகுத்தாதீர்' என்பர் மறுசாரார். முன்னவர் தம்மை இடதுசாரிகள் என்கின்றனர். பின்னவர் தம்மை நடுநிலையாளர் என்கின்றனர். எவ்வழியாற் சென்றாலும் இருவரும் வந்துசேரும் இடம் ஒன்றே: ஆடுகளத்தை அதன் உடைமையாளரிடமே விட்டுவிடுவது. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இங்கிலாந்தின் வீதிகளில் நிகழ்ந்தவற்றை நினைவிற் கொண்டோர் இவ்விரு வாதங்களையும் இவ்வளவு எளிதாகச் சொல்லத் துணியார்.

அம்மாதம் 18ஆம் திகதி, ஞாயிறு இரவு, ஐரோப்பாவின் பெருங்கழகங்கள் 12 கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டன. இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட், மான்செஸ்டர் சிட்டி, லிவர்பூல், ஆர்சனல், செல்சி, டொட்டன்ஹாம். ஸ்பானியாவின் ரியல் மட்ரிட், பார்சலோனா, அத்லெட்டிக்கோ மட்ரிட். இத்தாலியின் யுவென்டஸ், ஏ.சி. மிலான், இன்டர் மிலான். 20 கழகங்கள் ஆடும் 'சுப்பர் லீக்' ஒன்றைத் தாம் நிறுவப்போவதாகவும், அவற்றுள் 15 கழகங்கள் நிரந்தர உறுப்பினராய் இருக்குமென்றும், எஞ்சிய 5 இடங்களுக்கு மட்டும் ஏனையோர் ஆண்டுதோறும் முட்டிமோதலாமென்றும் அவை அறிவித்தன. அமெரிக்காவின் ஜே.பி. மோர்கன் வங்கி பணமூட்டையுடன் பின்னால் நின்றது. நிறுவகக் கழகங்கள் தொடக்கத்திலேயே தமக்குள் பங்கிட்டுக்கொள்வதற்கென ஒதுக்கப்பட்ட தொகை 350 கோடி யூரோ.

ஐரோப்பியப் போட்டிமுறையை அறியாதவருக்கு இதன் கொடுமை உடனே புலப்படாது. அங்கே கழகங்கள் படிக்கட்டுப் போல் அமைந்த பிரிவுகளில் ஆடுகின்றன. பருவத்தின் முடிவில் மேற்பிரிவின் அடியிற் கிடப்பவை கீழே இறக்கப்படும். கீழ்ப்பிரிவின் தலையில் நிற்பவை மேலே ஏறும். சிற்றூர்க் கழகமொன்று இன்று சேற்றுத் திடலில் ஆடினாலும், திறமையும் காலமும் கைகொடுத்தால் தலைநகரின் மாபெருங் கழகத்தை அதன் சொந்த அரங்கிலேயே எதிர்த்து நிற்கலாம். இந்த ஏணியைத்தான் அவர்கள் எடுத்துவிட முனைந்தனர். அந்தப் பதினைந்தில் ஒன்று எத்தனை முறை தோற்றாலும் இறங்கவேண்டியதில்லை. வெளியே நிற்பது எத்தனை முறை வென்றாலும் நிலையான இடம் கிடையாது. போட்டியே முன்னேற்றத்தின் உயிர்மூச்சு என்று தொழிலாளிக்கும் விவசாயிக்கும் ஓயாது உபதேசிக்கும் முதலாளித்துவம், தன் மூலதனத்துக்கு மட்டும் போட்டியே தீண்டாத பாதுகாப்பைத் தேடுகிறது. ஏகபோகம் என்ற சொல்லுக்கு விளக்கம் தேடி அலையும் பொருளியல் ஆசிரிய நண்பர்கள் இந்த அறிக்கையை வகுப்பறைக்குத் தாராளமாக எடுத்துச் செல்லலாம்.

மறுநாள் லீட்ஸ் நகரில் லிவர்பூலுக்கு எதிராக ஆட வந்த லீட்ஸ் ஆட்டக்காரர், ஆடி வென்றே இடம்பெற வேண்டுமென்ற பொருள்பட வாசகம் பொறித்த மேலாடைகளுடன் பயிற்சிக்கு இறங்கினர். அதற்கு அடுத்த நாள் மாலை செல்சியின் ஸ்டாம்போர்ட் பிரிட்ஜ் அரங்கின் வாயிலில் திரண்ட இரசிகர்கள், தங்கள் கழகத்தின் பேருந்தையே மறித்தனர். கழகத்தின் முன்னாள் பந்துக்காப்பாளர் பெட்ர் செக் வீதிக்கு இறங்கி வந்து, வழிவிடுமாறு அவர்களிடம் மன்றாட வேண்டியதாயிற்று. அன்றிரவே இங்கிலாந்தின் ஆறு கழகங்களும் பின்வாங்கின. 350 கோடி யூரோவின் கோட்டை இரண்டு நாளில் சரிந்தது. வர்க்க உணர்வு மழுங்கியோர் எனப்பட்டவர்கள் செய்த காரியம் இது.

அத்திட்டத்தை வகுத்தோர், பரம்பரையாக அரங்குக்கு வரும் உள்ளூர் இரசிகர்களை 'மரபெச்ச இரசிகர்' என்னும் பொருள்படும் ஒரு பெயரால் தமக்குள் குறிப்பிட்டுவந்தனர் என்ற செய்தி அந்நாள்களில் வெளியாயிற்று. அவர்கள் நாடியது 'எதிர்கால இரசிகரை'. யார் அந்த எதிர்கால இரசிகர்? ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் நள்ளிரவில் திரைக்கு முன் அமர்ந்து, பெரிய பெயர்கள் பெரிய பெயர்களோடு மோதுவதை மட்டும் காண விரும்புவதாக அவர்களாற் கற்பிக்கப்பட்டவர். அதாவது, வாசகரே, நீங்களும் நானும். குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும் கடற்றொழிலாளர் குடும்பங்கள் தம் கழகங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்து வருகின்றன. சொந்த ஊர்க் கழகம் என்றால் என்னவென்று நம் இளைஞருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அத்தகையோரைக் காட்டி லிவர்பூல் துறைமுகத் தொழிலாளியின் மகனை அரங்கிலிருந்து வெளியேற்ற முயன்றனர். நமது பெயரால் இழைக்கப்படவிருந்த அநீதி இது. ஆகவே இதைப் பற்றிப் பேசும் உரிமையும் நமக்குண்டு.

அக்கழகங்களை உருவாக்கியோர் யார் என்பதையும் கேட்கத்தான் வேண்டும். மான்செஸ்டர் யுனைடெட்டின் மூலம் 1878இல் நியூட்டன் ஹீத்தின் ரயில்வேத் தொழிலாளர் அமைத்த கழகம். ஆர்சனல் 1886இல் வூலிச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளரிடையே பிறந்தது. இன்று வெஸ்ட் ஹாம் எனப்படுவது 1895இல் தேம்ஸ் நதிக்கரையின் கப்பல் கட்டும் பட்டறையில் தோன்றியது. 1883இல் நெசவாலைத் தொழிலாளரை உள்ளடக்கிய பிளாக்பேர்ன் ஒலிம்பிக் அணி, ஈட்டன் பிரபுக் கல்லூரியின் பழைய மாணவர் அணியைக் கிண்ண இறுதியாட்டத்தில் வீழ்த்திய நாளோடு சீமான்களின் பொழுதுபோக்கு உழைப்பாளியின் ஆட்டமாயிற்று. பங்குச்சந்தை அன்று அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. இலாபம் இருப்பதாக மணம்பிடித்த பின்னரே வந்தது.

இனி, கசப்பான ஓர் உண்மை. 2021இல் எழுந்த கோபம் நியாயமானது. ஆயினும் அது கால் நூற்றாண்டுக்கு மேல் காலந்தாழ்ந்து எழுந்த கோபம். பிரிந்துசெல்லும் சீமான் லீக் ஒன்று இங்கிலாந்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் பிரீமியர் லீக். 1992இல் முதற்பிரிவின் 22 கழகங்களும், 1888 முதல் நிலவிவந்த பழைய லீக்கிலிருந்து பிரிந்து தனியே அமைத்தது அது. நான்கு பிரிவுகளின் 92 கழகங்களும் ஏதோ ஒரு விகிதத்திற் பகிர்ந்துவந்த தொலைக்காட்சிப் பணத்தைத் தாமே வைத்துக்கொள்வதுதான் அந்தப் பிரிவினையின் சாரம். ஐந்து ஆண்டுகளுக்கு 30 கோடியே 40 இலட்சம் பவுண் என்று முதல் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஏணியை மட்டும் அன்று அகற்றவில்லை. படிகளுக்கிடையே உள்ள தூரத்தைத்தான் கூட்டினர். அதற்கும் முன்னர், 1983இலேயே டொட்டன்ஹாம், இலாபப் பங்கு வழங்கலைக் கட்டுப்படுத்திய பழைய விதியைத் தாண்டுவதற்கென ஒரு தாய்க் கம்பனியை அமைத்துக்கொண்டு பங்குச்சந்தைக்குள் நுழைந்திருந்தது.

மான்செஸ்டருக்கு வடக்கே சில மைல் தொலைவில் பெரி என்றொரு ஆலைநகர் உண்டு. அதன் கழகம் 1885இல் பிறந்தது. 1900இலும் 1903இலும் இங்கிலாந்துக் கிண்ணத்தை வென்றது. 2018இல் ஒரே ஒரு பவுணுக்குக் கைமாறிய அக்கழகம், கடனிற் சிக்குண்டு, 2019 ஓகஸ்ட் மாதத்தில் லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. கூப்பிடு தூரத்தில் மான்செஸ்டரின் இரு கழகங்களும் பொன்னில் மிதந்துகொண்டிருந்தன. சுப்பர் லீக்கை எதிர்த்து 2021இல் கண்ணீர் வடித்த பிரீமியர் லீக் அதிகாரிகளின் கண்களில் 2019இல் ஈரம் எதையும் எவரும் காணவில்லை.

ஏனைய இரட்சகர்களும் இப்படித்தான். உதைபந்தாட்டத்தின் ஆன்மாவைக் காக்கப் புறப்பட்டதாகக் கூறிய ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனம், அறிக்கை வெளிவந்த மறுநாளே தனது சம்பியன்ஸ் லீக்கை 36 கழகங்களாகப் பெருக்கும் திட்டத்துக்கு அனுமதி வழங்கியது. கடந்தகாலச் சாதனையைக் காட்டிப் பெருங்கழகங்கள் இரண்டு பின்கதவால் நுழைய அதில் இடம் வைத்திருந்தது. (எதிர்ப்பின் பின் 2022இல் அந்தக் கதவு சாத்தப்பட்டது.) சந்தையிற் கைவைப்பது பாவம் என்று கருதும் பழமைவாத அரசாங்கமும் அவ்வாரம் திடீரெனச் சட்டத்தால் தடுப்போம் என முழங்கிற்று. ஆலைகள் மூடப்பட்டபோதும் சுரங்கங்கள் மூடப்பட்டபோதும் நினைவுக்கு வராத சட்டப் புத்தகம் அது!

இரசிகர்களின் குறைகளை மறைப்பதும் நேர்மையன்று. ஏப்ரலில் பணத்தின் ஆட்சியைக் கண்டு இங்கிலாந்து கொதித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் சவூதி அரேபிய அரச முதலீட்டு நிதியம் நியூகாசில் கழகத்தின் 80 சதவீதத்தை வாங்கியபோது, அந்நகரின் இரசிகர் ஆயிரக்கணக்கில் அரங்கின் முன் கூடி ஆடிப்பாடினர். பேருந்தை மறித்த அதே செல்சியின் இரசிகருள் ஒரு பகுதியினர், 2022 மார்ச்சில் உக்ரேனிய மக்களுக்காக அரங்கம் எழுந்துநின்ற நேரத்தில், தமது ரஷ்யக் கோடீசுவர உடைமையாளரின் பெயரைக் கோஷித்தனர். கெட்ட முதலாளியை எதிர்ப்பதற்கும் முதலாளி ஒருவனின் உடைமையாக இருப்பதையே எதிர்ப்பதற்கும் இடையில் உள்ள தூரத்தை அவர்கள் இன்னும் கடக்கவில்லை. ஆனால் அதற்காக அவர்களை இகழும் நண்பர்களைக் கேட்கிறேன்: சம்பள உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்த தொழிலாளி அடுத்த தேர்தலில் முதலாளித்துவக் கட்சிக்கு வாக்களித்தால், வேலைநிறுத்தம் பிழையென்றா சொல்வீர்கள்?

'ஆட்டக்காரரே கோடிகளை வாரிக்கொள்கின்றனர், அங்கென்ன சுரண்டல்?' என்று வினவுவோருக்கும் ஒரு வார்த்தை. 1901இல் வாரத்துக்கு 4 பவுண் என விதிக்கப்பட்ட உச்சவரம்பு, 1961இல் ஆட்டக்காரரின் தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமான பின்னரே, 20 பவுணாக இருந்த நிலையில் ஒழிந்தது. அறுபதினாயிரம் பேர் காசு கொடுத்து வந்து பார்த்தவர்கள் அவர்கள். உச்சியிலுள்ள சிலர் இன்று பெறும் தொகை நம்மை மலைக்கவைப்பது உண்மைதான். ஆயினும் கழகத்தை அடகு வைத்தவர் அவர்களல்லர்.

கழகத்தை அடகு வைத்த கதை மான்செஸ்டர் யுனைடெட்டின் கதை. 2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் அதனை ஏறத்தாழ 79 கோடி பவுண் விலையில் வாங்கியது. அதிற் பெரும்பகுதி கடன். அக்கடனின் சுமை வாங்கியவரின் முதுகில் அன்றி, வாங்கப்பட்ட கழகத்தின் முதுகிலேயே ஏற்றப்பட்டது. அடிமையை விற்று, அவனை வாங்கிய கடனையும் அவனையே உழைத்து அடைக்கச் சொன்னது போல. அன்று மனம் வெறுத்த இரசிகர் சிலர் அழுதுகொண்டிருக்கவில்லை. எப்.சி. யுனைடெட் என்ற பெயரில் தமக்கென ஒரு கழகத்தை நிறுவிக் கீழ்நிலைப் பிரிவிலிருந்து ஆடத் தொடங்கினர். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. எவர் எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஒன்றே. 2015இல் சொந்த அரங்கையும் எழுப்பினர். 2002இல் தம் கழகம் மில்டன் கீன்சுக்குப் பெயர்த்துச் செல்லப்பட அனுமதிக்கப்பட்டபோது விம்பிள்டன் மக்கள் தொடங்கிய புதிய கழகம், 2011இல் லீக்கினுள் ஏறியது; 2020இல் பழைய பிளௌ லேனுக்கே திரும்பியது.

ஜேர்மனியில் இதற்கு விதியே உண்டு. அணியை நடத்தும் கம்பனியின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர் கழகத்திடமே இருத்தல் வேண்டும். லெவர்கூசன், வொல்ப்ஸ்பேர்க் போன்ற விதிவிலக்குகளும், லைப்சிக் போல் விதியின் எழுத்தைக் காத்து உயிரைக் கொன்ற கழகங்களும் அங்குள்ளன. எனினும் 2021இல் பயேர்ன் மியூனிக்கும் டோர்ட்முண்டும் சுப்பர் லீக்கில் சேர மறுத்ததை அவ்விதியிலிருந்து பிரித்துப் பார்க்கவியலாது. 2023 டிசெம்பரில், ஒளிபரப்பு வருமானத்தின் 8 சதவீதம் வரையான பங்கை 20 ஆண்டுகளுக்கு முதலீட்டாளருக்கு விற்க அந்நாட்டு லீக் முடிவு செய்தது. அடுத்துவந்த வாரங்களில் அரங்குதோறும் ரென்னிஸ் பந்துகள் ஆடுகளத்தில் மழையாய்ப் பொழிந்தன. ஆட்டங்கள் நின்று நின்று நடந்தன. 2024 பெப்ரவரியில் விற்பனைத் திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் சுப்பர் லீக்கின் தலைவராக வந்தவர் ரியல் மட்ரிட்டின் தலைவர் புளோரென்டினோ பெரெஸ் அல்லவா, ரியல் மட்ரிட்டும் பார்சலோனாவும் உறுப்பினருக்கே சொந்தமானவை அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ரியல் மட்ரிட்டின் தலைமைக்குப் போட்டியிடுபவர் 20 ஆண்டுகள் உறுப்பினராய் இருந்திருக்க வேண்டும். அத்துடன் கழகத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் 15 சதவீதத்துக்கு வங்கி உத்தரவாதமும் காட்டவேண்டும். வாக்குச்சீட்டு எல்லோர் கையிலும். வேட்பாளராகும் உரிமை பெரும் கட்டட நிறுவனங்களின் அதிபர் போன்றோர் கையில். பாராளுமன்ற ஜனநாயகத்தில் நாமும் அறியாத வித்தையல்ல இது. உறுப்பினர் பெயரேட்டில் எழுதியிருப்பது மட்டும் உடைமையாகிவிடாது.

இதனாற்றான் 2021இன் வெற்றியைப் பூரண வெற்றியெனக் கொண்டாட மனம் ஒப்பவில்லை. 2023 டிசெம்பர் 21ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், புதிய போட்டிகளுக்கு முன்னனுமதி பெறவேண்டுமெனச் சம்மேளனங்கள் விதித்திருந்த விதிகள் போட்டிச் சட்டத்துக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது. பூட்டு அங்கே தளர்ந்தது. பிரித்தானியா 2025இல் இயற்றிய சட்டம் பிரிந்துசெல்லும் லீக்குகளைத் தடுக்கிறது. தனியான ஒழுங்குபடுத்துநரையும் நிறுவுகிறது. உடைமையாளன் தகுதியுள்ளவனா என்று அது விசாரிக்கும். கழகம் ஏன் ஒருவனின் உடைமையாக இருக்கவேண்டும் என்று அது கேட்காது.

2016 பெப்ரவரியில் 77 பவுண் விலையில் நுழைவுச்சீட்டு விற்கத் துணிந்த லிவர்பூல் உடைமையாளருக்கு எதிராக, ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் பல்லாயிரவர் ஒருசேர எழுந்து வெளிநடந்தனர். சில நாள்களில் விலை திரும்பப்பெறப்பட்டது. 2021 மே 2ஆம் திகதி மான்செஸ்டர் இரசிகர் ஓல்ட் ட்ரபோர்ட் அரங்கினுள் புகுந்து, லிவர்பூலுடன் நடக்கவிருந்த ஆட்டத்தையே நிறுத்தினர். கிளேசர் குடும்பம் வெளியேற வேண்டுமென்பதே அன்றைய கோஷம். 2024இல் அக்குடும்பம் கால்வாசிக்குச் சற்று மேற்பட்ட பங்கை இன்னொரு கோடீசுவரருக்கு விற்றது. பெரும்பான்மை வாக்குப் பலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அவ்வாண்டு முடிவதற்குள், பருவத்தின் நடுவில், எஞ்சியிருந்த உறுப்பினர் நுழைவுச்சீட்டுகளின் விலை 66 பவுணாக்கப்பட்டது. சிறுவருக்கும் முதியவருக்கும் அதே 66 பவுண்.