தகரப் பெட்டியா, பள்ளிக்கூடமா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2017 ஜூன் 15 அன்று அறிவிக்கப்பட்டன. அன்றிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் நாட்டிலுள்ள பொதுக் கட்டடங்கள் அனைத்தும், பள்ளிக்கூடங்கள் உட்பட, மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் புழங்கத் தக்கவையாக மாற்றப்பட வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 45ஆவது பிரிவு. அந்தக் கெடு 2022 ஜூன் மாதத்தோடு முடிந்துவிட்டது. அதன் பின்னர் ஒன்றியக் கல்வி அமைச்சகமே வெளியிட்ட 2023-24ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி, கைப்பிடியுடன் கூடிய சாய்தளம் உள்ள பள்ளிகள் 52.3 விழுக்காடு மட்டுமே. கழிப்பறையின் கதை இன்னும் மோசம். 2021-22 கணக்கின்படி, மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் பயன்படுத்தத் தக்க கழிப்பறை இருந்த பள்ளிகள் சுமார் 27 விழுக்காடு.

கழிப்பறை இல்லை என்பதன் பொருளை அந்தக் குழந்தைகளின் தாய்மார்கள் அறிவார்கள். காலையில் தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்குச் செல்லும் சிறுமி, மாலை வரை அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கிறாள். அல்லது தாய் தன் கூலி வேலையை விட்டுவிட்டுப் பள்ளி வாசலில் காத்திருக்கிறார். பூப்பெய்திய பிறகு அந்தச் சிறுமியின் படிப்பு நின்றுபோகிறது. 5 முதல் 19 வயது வரையிலான மாற்றுத்திறனாளிக் குழந்தைகளில் கால்வாசிக்கும் மேற்பட்டோர் எந்தக் கல்வி நிலையத்திலும் காலடி வைத்ததே இல்லை என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. இதற்குக் காரணங்கள் பல. அவற்றில் கட்டடமும் ஒன்று.

இந்த இடத்தில்தான் ‘மாடுலர்’ கட்டுமானம் பற்றிய பேச்சு பொருள் பெறுகிறது. அறையையோ கழிப்பறையையோ ஆலையில் பாகம் பாகமாகத் தயாரித்து, லாரியில் கொண்டுவந்து, போட்டுவைத்த அடித்தளத்தின் மீது பொருத்திவிடும் முறை இது. கோடை விடுமுறைக்குள் வேலையை முடித்துவிடலாம். மழைக்காலத்தில் சிமெண்டும் மணலும் போய்ச் சேராத மலைக் கிராமங்களுக்கு இது பெரும் உதவி. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பொறுத்தவரை இன்னொரு பயனும் உண்டு. சக்கர நாற்காலி நுழையக் கதவு 900 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். உள்ளே திரும்ப 1,500 மில்லிமீட்டர் வெற்றிடம் வேண்டும். சாய்தளம் 12 அடி ஓடினால் ஓரடிக்கு மேல் உயரக் கூடாது. ஆய்வுக்கு அதிகாரி வருவதற்கு முந்தைய வாரம் அவசரமாகக் கொட்டப்படும் சாய்தளங்கள் இந்த அளவுகளை மதிப்பதில்லை. சில சாய்தளங்கள் ஏறி முடிக்கும் இடத்தில் ஒரு படிக்கட்டு இருக்கும். ஆலை அச்சில் அளவு ஒருமுறை சரியாக அமைந்தால் ஆயிரம் பள்ளிகளிலும் சரியாக இருக்கும். தவறினால் ஆயிரத்திலும் தவறும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் மாடுலர் என்ற பெயரில் ஒப்பந்ததாரர்கள் விற்க முன்வருவது பெரும்பாலும் தகட்டுச் சுவர் கொண்ட பெட்டி. ராஜஸ்தானத்து மே மாத வெயிலில் அதற்குள் எந்தக் குழந்தை அமர முடியும்? தகரக் கூரையின் மீது மழை கொட்டும் ஓசை ஆட்டிச நிலையிலுள்ள குழந்தையை நிலைகுலையச் செய்யும். எதிரொலிக்கும் அறையில் காதுக் கருவி அணிந்த குழந்தைக்கு ஆசிரியரின் குரலும் இரைச்சலும் ஒன்றாகவே கேட்கும். தகடுகளுக்கிடையே அடைக்கப்படும் நுரைப்பொருள் தீப்பற்றக் கூடியதா என்ற கேள்வியும் உண்டு. 2004இல் கும்பகோணத்தில் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டனர். ஓடக்கூடிய குழந்தைகளுக்கே தப்ப வழியிருக்கவில்லை. அந்தக் கொடுமையை அடுத்துத் தொடரப்பட்ட வழக்கில்தான் 2009இல் உச்சநீதிமன்றம் நாடு முழுவதற்குமான பள்ளிப் பாதுகாப்பு ஆணைகளைப் பிறப்பித்தது.

சூழலைக் காக்கும் கட்டடம் வேண்டுமானால் அதற்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. கேரளத்தில் அச்சுத மேனன் முதல்வராக இருந்தபோது, வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களை எழுப்பும் பொறுப்பு லாரி பேக்கரிடம் தரப்பட்டது. உள்ளூர்ச் செங்கல், காற்று நுழையும் துளைச் சுவர், கான்கிரீட்டைக் குறைக்க இடையிடையே ஓடு பதித்த கூரை என்று அவர் கட்டியவை இன்றும் குளிர்ச்சியாக நிற்கின்றன. வகுப்பறையை இப்படிக் கட்டுவதே சரி. அளவு பிசகக் கூடாத கழிப்பறை, சாய்தளம், கைப்பிடி ஆகியவற்றை மட்டும் ஆலை தரட்டும்.

எந்த ஆலை என்பதுதான் அடுத்த கேள்வி. விடுதலை பெற்ற அடுத்த ஆண்டிலேயே, 1948இல், டெல்லியில் அரசு வீட்டுவசதித் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அதன் தொடக்ககால வீட்டுத் திட்டம் சறுக்கியது உண்மை. எனினும் பிறகு அது முன்வார்ப்புக் கான்கிரீட்டில் அனுபவம் பெற்று, ஹிந்துஸ்தான் ப்ரீஃபேப் என்ற பொதுத்துறை நிறுவனமாக வளர்ந்தது. மோடி அரசு அதை விற்பனைப் பட்டியலில் சேர்த்தது; மூடப்படவிருக்கும் அல்லது வழக்கில் சிக்கியிருக்கும் நிறுவனங்களில் ஒன்றாக 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் அதன் பெயரைச் சொன்னது. அதே அரசுதான் 2021 ஜனவரி முதல் நாளன்று ஆறு நகரங்களில் புதிய தொழில்நுட்ப வீட்டுத் திட்டங்களுக்கு அடிக்கல் நாட்டி, முன்வார்ப்புக் கட்டுமானத்தை ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தது போல விளம்பரம் செய்தது. தொழில்நுட்பத்தின் மீது அரசுக்கு வெறுப்பில்லை. அது பொதுத்துறையின் கையில் இருப்பதுதான் பிடிக்கவில்லை. வடிவமைப்பும் அச்சும் தனியாரிடம் போய்விட்டால், உடைந்த கைப்பிடி ஒன்றை மாற்றவும் பள்ளித் தலைமையாசிரியர் அந்த நிறுவனத்தையே நாட வேண்டியிருக்கும்.

தொழிலாளர் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், தொழிற்சாலைச் சட்டத்துக்கு உட்பட்ட பணிகளைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருந்தது. கட்டட வேலை ஆலைக்குள் நகரும்போது நல வாரியப் பயன்களுக்கு என்ன நேரும் என்பதைத் தொழிற்சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாகப் பள்ளி அருகில் இருக்க வேண்டும். 2014-15இல் 11,07,101ஆக இருந்த அரசுப் பள்ளிகள் 2023-24இல் 10,17,660ஆகக் குறைந்துவிட்டன. இணைப்பு என்ற பெயரில் பள்ளியைத் தொலைவுக்குத் தள்ளும்போது, நடக்க இயலாத குழந்தையே முதலில் வெளியேறுகிறது. மூடிய பள்ளிகளுக்கு ஈடாக வட்டாரத்துக்கு ஒரு ‘சிறப்பு மாடுலர் வளாகம்’ என்று அரசுகள் முன்மொழியக்கூடும். அதை ஏற்கலாகாது. சிறப்புப் பள்ளியை நாடும் உரிமையைச் சட்டம் குழந்தைக்குத் தந்திருப்பது உண்மை. ஆனால் அது குழந்தை தேர்ந்துகொள்ளும் வழியாக இருக்க வேண்டும். அரசு ஒதுக்கித் தள்ளும் இடமாக அல்ல. தொடக்க வகுப்புகளில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர்களை நியமிக்க உச்சநீதிமன்றம் 2021இல் ஏற்ற அளவுகோல் இன்னும் ஏட்டளவில்தான் உள்ளது. ஆசிரியர் இல்லாத அறை எவ்வளவு பசுமையாகக் கட்டப்பட்டாலும் வெற்றறைதான்.

2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்துக்கே முரண் என்று கூறி, கட்டாய விதிகளை மூன்று மாதங்களில் வகுக்கப் பணித்தது. தீர்ப்பு உள்ளூரில் நடைமுறையாக வேண்டுமானால் அதற்கான இடம் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பு அக்குழுவுக்கே உண்டு; அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அடுத்த ஆண்டுத் திட்டத்தில் எந்தக் கதவு எத்தனை மில்லிமீட்டர், கழிப்பறை எப்போது என்று எழுத வைக்கும் வேலையைக் கிளைகள் இந்தக் கோடைக்கு முன்பே தொடங்கலாம்.