வாதாபியின் செங்குன்றம்

அமிர்தியின் கருங்கற் பாறைகளையே கண்டு பழகிய நம் கண்களுக்கு, கன்னட நாட்டு வாதாபியின் செங்குன்றம் பெருவியப்பு அளித்தது. இரும்புச் சத்துக் கலந்த மணற்கல்லாதலால், அந்தி வெயிலில் குன்று முழுவதும் தணலைப் போல் ஜொலிக்கிறது. அதைக் குடைந்து சளுக்கியர் சமைத்த குகைக் கோயில்களுள் ஒன்றில் 578-ஆம் ஆண்டுச் சாஸனம் இருக்கிறது.

642-இல் மாமல்ல நரசிம்ம பல்லவர் இந்நகரை வென்றார். அவருடைய சாஸனத்தையும் இங்குள்ள பாறையில் கண்டு பெருமிதத்தால் பூரித்தோம். உடன் வந்த மாணவன் ஒருவனோ, "ஐயா, தோற்றவர்களின் பிள்ளைகள் இதைப் படித்தால் என்ன நினைப்பார்கள்?" என்றான். விடை கூற நமக்கு நா எழவில்லை.

அவ்விடை காஞ்சியில் இருக்கிறது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின், சளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். ஆயினும் பழிக்குப் பழி என்று அதைப் பாழாக்கினானில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பி அளித்தான். அச்செய்தியை அக்கோயில் தூணிலே கன்னடத்தில் பொறித்தும் வைத்தான்.

வென்றவர் எழுதிய கல் இரண்டு. இதுகாறும் வகுப்பில் நாம் முதற் கல்லை மட்டுமே போதித்து வந்தோம். இனி இரண்டையும் சேர்த்தே போதிப்போம்.