பழங்கணினி ஏடுகள்

லிங்கநகரில் என் வீட்டு அலுமாரியின் மேற்றட்டில் ஒரு பிஸ்கற்றுத் தகரம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வந்தது. அதனுள் பதினொரு நெகிழ்வட்டுகள். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஊர்களில் 1996 முதல் 1999 வரை என் மாணவர்கள் வாடிதோறும் சென்று முதிய கடற்றொழிலாளரிடம் கேட்டெழுதிய சொற்கள் அவற்றில் உள்ளன. காற்றின் பெயர்கள், வலையின் உறுப்புகள், மீன்வகைகள், கடலின் நிறத்தைக் குறிக்குஞ் சொற்கள் என ஆயிரத்துக்கு மேற்பட்டவை. நகரிலிருந்த சிறிய அச்சகம் ஒன்று அவற்றைக் கணினியிற் கோத்துத் தந்தது. நூலாக்கப் பணம் சேரவில்லை. கையெழுத்துக் கொப்பிகளை வாங்கிச் சென்ற நண்பரின் வீடு கடற்கரையை ஒட்டியிருந்தது. 2004 டிசெம்பர் 26 அன்று கொப்பிகளும் போயின. சொல் தந்த முதியோருட் சிலரும் போயினர். எஞ்சியது அந்தத் தகரம் ஒன்றே.

சென்ற ஆண்டு அதை இறக்கினேன். புதிய கணினியில் நெகிழ்வட்டைச் செருகும் வாயிலே இல்லை. வெளியே பொருத்தும் வாசிப்பான் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தபோது எட்டு வட்டுகள் பேசின, மூன்று வாய்திறக்கவில்லை. பேசிய எட்டும் தமிழ் பேசவில்லை. கோப்புகளைத் திறக்கத் தெரிந்த மென்பொருள் எதுவும் இக்கணினியில் இல்லை. உதவிக்கு வந்த மாணவன் ஒரு கோப்பை வலிந்து பிளந்து திரையிற் காட்டிவிட்டு, “ஐயா, இது என்ன பாஷை?” என்றான். தமிழாசிரியன் வீட்டில், தமிழ்ச் சொற்றொகுதி ஒன்றைப் பார்த்துத் தமிழ் மாணவன் கேட்ட கேள்வி அது.

இது என் ஒருவனுடைய வீட்டுக் கதையன்று. ஈழத்திலும் தமிழகத்திலும் 1990களில் வெளிவந்த பாடசாலை மலர்கள், குடமுழுக்கு மலர்கள், நினைவு வெளியீடுகள், சிற்றிதழ்கள் முதலியவற்றுட் பல பேஜ்மேக்கர் என்னும் பக்க அமைப்பு மென்பொருளிற் கோக்கப்பட்டவை. அம்மென்பொருள் 1985இற் பிறந்தது. 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றது. அதன் இடத்தைப் பிடித்த இன்டிசைன் சில காலம் பேஜ்மேக்கரின் பிற்பட்ட பதிப்புகளின் கோப்புகளைத் திறந்து வந்தது. பின்னர் அந்தக் கதவையும் அடைத்துவிட்டது. என் வட்டுகளில் உள்ளவையோ ஐந்தாம் பதிப்பிற் செய்தவை. அவற்றுக்கு அக்கதவு ஒருநாளும் திறந்திருக்கவில்லை.

இவ்வேளையில் இதை எழுத வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு (எங்கள் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்னும், இரு கரையிலும் ஒரு பொருளுக்கு இரு பெயர் வைத்தல் நமக்குப் பழக்கமே) அதனை ஆக்கிய நிறுவனம் வழங்கிய பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அடுத்ததான விண்டோஸ் 11, பழைய செயலிகள் பலவற்றை ஏற்பதில்லை. ஆகவே பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் கணினிகள் கழிக்கப்படும் காலம் இது. நான் அறிந்த ஓர் அலுவலகத்திற் பழைய கணினிகள் பழைய இரும்போடு சேர்த்து நிறுத்து விற்கப்பட்டன. அவற்றின் வன்வட்டுகளில் என்ன இருந்தது என்று விற்றவரும் பார்க்கவில்லை. வாங்கியவருக்கு அது வேண்டியதுமில்லை.

பழைய மென்பொருளைப் புதிய கணினியில் இயங்கச் செய்தல் கூடுமா? கூடும். ஆனால் நேரே முடியாது. பேஜ்மேக்கரின் ஐந்தாம் பதிப்பு 16 பிட் காலத்துப் படைப்பு. இன்றைய 64 பிட் விண்டோஸில் அத்தகைய நிரல்களை இயக்கும் பகுதி இல்லை; அது “என்னால் இயலாது” என்று கைவிரித்துவிடும். ஆதலின் புதிய கணினிக்குள் ஒரு பழைய கணினியைப் பாவனையாக அமைக்க வேண்டும். மெய்நிகர் கணினி என்பர். அது மரத்தாலும் இரும்பாலும் ஆனதன்று, முற்றும் மென்பொருளே. அதனுள் விண்டோஸ் 95ஐ நிறுவினால், தான் 1995ஆம் ஆண்டிலேயே இருப்பதாக அது எண்ணிக்கொள்ளும். அதன்மேற் பழைய பேஜ்மேக்கரை ஏற்றலாம். அச்சக உரிமையாளர் தாம் விலைகொடுத்து வாங்கிய மூல வட்டுகளை இன்னும் எறியாமல் வைத்திருந்தார். அவருக்கு என் நன்றி. எறியாமையும் ஒரு தொண்டு என்று அன்று கண்டேன்.

விண்டோஸ் 95 எளிதில் எழவில்லை. முதலிற் பாதுகாப்புப் பிழை என ஓர் அறிவிப்பைக் காட்டி நின்றது. காரணத்தைத் தேடி அறிந்தபோது எனக்குச் சிரிப்பும் வியப்பும் ஒருங்கே உண்டாயின. அப்பழைய அமைப்பு எழும்போது, கணினியின் விரைவை அறிவதற்காக ஒரு சிறு வேலையைப் பன்முறை திருப்பிச் செய்து, சென்ற நேரத்தாற் கணக்கை வகுத்துப் பார்க்கும். அக்காலச் செயலிகளில் அதற்குக் கணிசமான நேரம் பிடித்தது. 2.1 கிகாஹேர்ட்ஸ் விரைவைக் கடந்த செயலிகளிலோ அவ்வேலை தொடங்கியதும் முடிந்துவிடுகிறது. சென்ற நேரம் சுழியம் என்று கணக்கில் வருகிறது. சுழியத்தால் வகுத்தல் எந்தக் கணிதராலும் இயலாது. அமைப்பு அங்கே விழுந்துவிடுகிறது. பழையது நின்றது தன் தளர்ச்சியால் அன்று, புதியதன் விரைவால். இதற்கு ஆர்வலர் சிலர் ஒட்டு ஒன்று ஆக்கி இலவசமாக வழங்கியுள்ளனர். அதை இட்டபின் எழுந்தது. நினைவகத்தை மிகுதியாக வழங்கினாலும் அது திணறும். 480 மெகாபைற்றைக் கடந்தால் எழாமற் போகலாம். நாங்கள் 64 மட்டும் அளந்து கொடுத்தோம். இன்னும் பழைய டாஸ் காலத்து நிரல்களாயின், டாஸ்பொக்ஸ் என்னும் பாவனைப் பொறி உண்டு; அது வேண்டும் அளவுக்கு விரைவைக் குறைத்துக் கொடுக்கும்.

எழுந்தது, பேஜ்மேக்கரும் எழுந்தது, கோப்புத் திறந்தது. பாமினி எழுத்துருவை இட்டதும் திரையிற் கொண்டல், கச்சான், சோளகம், வாடை எனக் காற்றுகள் நான்கும் வரிசையாக வந்து நின்றன. மாணவன் கைதட்டினான். வேலை முடிந்தது என்று அவன் நினைத்தான்.

வேலையின் பாதிதான் முடிந்திருந்தது. பாமினியிற் ‘தமிழ்’ என்று நாம் காணுஞ் சொல் கணினியின் உள்ளே தமிழாக இல்லை. ஆங்கிலத்து ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே அது எழுதப்பட்டிருக்கிறது. எழுத்துரு என்னும் முகமூடி இருக்கும்வரை தமிழ். முகமூடி கழன்றாற் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். சொற்களை அகரவரிசைப்படுத்து என்று கணினிக்குக் கட்டளையிட்டோம். அது ஆங்கில வரிசையைப் பின்பற்றி, க, த, ம என்பவற்றில் தொடங்குஞ் சொற்களையெல்லாம் முன்னே வைத்து, அவற்றின் பின்னரே அகரத்தை வைத்தது. அகரம் முதலாகாத அகராதி ஒன்றை என் வாழ்வில் முதன்முறையாகக் கண்டேன்.

இம்முறை தோன்றியதற்கு நியாயம் உண்டு. அதைப் பழித்தல் என் நோக்கமன்று. யாழ்ப்பாணத்துச் சுண்டுக்குளியில் 1886இற் பிறந்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப்பொறி கண்டார். அப்பொறியில் எழுத்தின் வடிவம் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே தட்டப்படும். ‘கொ’ என்பதற்குக் கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் இறுதியில். கணினி வந்தபோது தட்டச்சாளரின் விரல்கள் அந்தப் பழக்கத்தையே கொண்டுவந்தன. விண்டோஸ் 95 தமிழை அறியாத காலத்தில், இருந்த ஆங்கில இருக்கைகளில் தமிழை உட்காரவைத்து அச்சு வேலையை நடத்தியவர்கள் கெட்டிக்காரர்களே. ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியது. எனினும் 2000ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 2000இலேதான் அது முதன்முதலாக விண்டோஸில் இயங்கியது. ஒருங்குறியில் மெய் முன்னும் உயிர் பின்னுமாகவே குறிகள் நிற்கும். உயிர்மெய்யின் ஒலிப்புமுறை குறித்துத் தொல்காப்பியர் கண்டதும் இதுவே. தட்டச்சுக்காரன் கண்ணால் எழுதினான். ஒருங்குறி காதால் எழுதுகிறது என்று வகுப்பிற் சொல்வேன்.

பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் மாற்றிகள் பல உள. என்.எச்.எம். மாற்றி ஒன்று, பொங்குதமிழ் மற்றொன்று. கணப்பொழுதில் மாற்றித் தருவன. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அவற்றை நம்பலாகாது. பழைய முறையில் ‘கௌ’ என்னும் எழுத்தின் கடைக்குறியும் தனி ளகரமும் ஒரே விசையில் உள்ளவை. மாற்றிக்கு எது எது என்று தெரியாது. எங்கள் மீன் பட்டியலில் இருந்த ‘கெளிறு’ ஒரு மாற்றியிற் ‘கௌ’ என்று தொடங்கி, பின்னே ஓர் இகரக் கொக்கி பிடிப்பாரற்றுத் தொங்கக் கிடந்தது. வேறொரு மாற்றியில் ‘கௌரி’ என்னும் பெண்ணின் பெயரில் ளகரம் புகுந்தது. இன்று அச்சிலும் திரையிலும் கௌரவத்தைக் ககர எகரமும் ளகரமுமாக எழுதுவோர் பலர். நோயின் வேர் இங்கேதான் உள்ளது.

ஏட்டுச்சுவடிகளோடு பழகியவர்களுக்கு இது புதிதன்று. சுவடியிற் புள்ளி இல்லை. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேற்றுமை இல்லை. ரகரமும் காலும் ஒருபடியாக இருக்கும். 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர், எங்கள் திருகோணமலையிற் பிறந்து சென்னையில் ஏட்டாராய்ச்சியில் ஈடுபட்ட தி. த. கனகசுந்தரம்பிள்ளை ஆகியோர் சொல்லறிவாலும் பொருளறிவாலும் ஓரிடத்தில் எது நிற்கும் என்று தெளிந்தனர். நெகிழ்வட்டும் அத்தகைய ஓர் ஏடே. கணினி வல்லான் அதைத் திறந்து தருவான்; ஆனால் கெளிறு ஒரு மீன் என்று அறிந்தவன் அருகில் இருக்க வேண்டும். இவ்வேலையில் நமக்கு இடமில்லை என்று ஒதுங்கும் தமிழாசிரியர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அச்சிட்ட படி இருந்தாற் போதாதா, அதைப் படம்பிடித்து வைத்தாற் போதாதா என்று நண்பர்கள் கேட்பர். அச்சான நூல்களுக்கு அது பெரிதும் போதும். 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் அவ்வாறே காத்துவருகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமுதாயத்துக்கு அதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. அச்சேறாமல் வட்டிலேயே நின்றவற்றுக்கு என் செய்வது? படம்பிடிக்க அவற்றுக்குத் தாளில்லை.

பழைய பொறியை என்றும் உயிரோடு வைத்திருந்தாற் போதும் என்பாரும் உளர். இங்கிலாந்தில் 1086இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே என்னும் குடிக்கணக்கு நூலை இன்றும் எடுத்துப் படிக்கலாம். அதன் தொள்ளாயிரமாம் ஆண்டு நினைவாக 1986இற் பி.பி.சி. நிறுவனம் ஒளித்தட்டுகளில் ஆக்கிய புதிய தொகுப்பைப் பதினைந்து ஆண்டுகளுக்குள்ளேயே படிப்பது அரிதாயிற்று. பழைய பொறியைப் பாவனை செய்தே அதை மீட்டனர். பாவனைப் பொறியும் ஒருநாட் பழையதாகும். ஆகவே அதை வீடாகக் கொள்ளாமல் ஓடமாகக் கொள்க என்பது என் கருத்து. 1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார் இவ்வழியே சென்றனர். தமிழ் இலக்கியங்களை முதலில் ஓர் எழுத்துருவிலும், பின்னர் திஸ்கி என்னும் குறிமுறையிலும், அதன்பின் ஒருங்குறியிலுமாகப் படியெடுத்துப் படியெடுத்துக் கரைசேர்த்தனர்.

ஆதலின் அதிபர்களையும் அச்சக உரிமையாளர்களையும் மன்றச் செயலாளர்களையும் நான் வேண்டுவது சிறிது. கணினியைக் கழிக்குமுன் அதிலுள்ள கோப்புகளைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். படிக்க முடியாதவை என்று எறியாதீர்கள். பேஜ்மேக்கர் நிறுவல் வட்டுகளையும் அன்று பயன்படுத்திய எழுத்துருக்களையும் உடன் வையுங்கள். எழுத்துரு இல்லையேல் எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதே தெரியாமற்போகும். மாற்றியபின்னும் மூலக்கோப்பை அழியாதிருங்கள். மாற்றியவர் செய்த பிழையை நாளை ஒருவர் திருத்த அது வேண்டும். கல்வி அலுவலகங்கள் கணினி வழங்கும் விழாவுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கைக் கணினி கழிக்கும் நாளுக்குச் செலவிட்டாற் போதும்.

எங்கள் எட்டு வட்டுகளின் சொற்களை மாணவரும் நானும் சனிக்கிழமைதோறும் ஒவ்வொன்றாக ஒப்புநோக்கி வருகிறோம். மகரம் வரை வந்துள்ளோம். சில சொற்களுக்குப் பொருள் எழுதப்படவில்லை. அவற்றைக் கேட்க, அன்று சொல் தந்தவர்களுட் கடலோரத்தில் இன்னும் இருக்கும் இருவரிடம் சென்று வந்தோம். வாய்திறவாத மூன்று வட்டுகளையும் அதே தகரத்தில் இட்டு, ஈரம் படாமல் மூடி வைத்திருக்கிறேன். அவற்றின் மேலுறையில் என் மாணவி ஒருத்தியின் கையெழுத்தில் “வலை - 1, வலை - 2, பாட்டு” என்று இருக்கிறது.