'செய்யலாம்' என்றொரு சட்டம்

சட்ட வாசகங்களை மொழிபெயர்க்கிறவர்களுக்கு ஒரு பால பாடம் உண்டு. பெயர்ச்சொற்களைப் பற்றி அதிகம் கவலைப்படாதே, வினைமுற்றைப் பார். 'செய்ய வேண்டும்' என்று இருக்கிறதா, 'செய்யலாம்' என்று இருக்கிறதா? முதலாவதை வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். இரண்டாவதை வைத்துக்கொண்டு மனுக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 11ஆவது பிரிவு மிகச் சிறியது. மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளைத் தொடக்கக் கல்விக்குத் தயார் செய்ய, கட்டணமில்லாத முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்கிறது அது. ஆறு முதல் பதினான்கு வயதுவரை 'வேண்டும்', 'வேண்டும்' என்று மிரட்டிக்கொண்டு வந்த சட்டம், மூன்று வயதுக் குழந்தையைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது.

இந்தத் தயக்கம் திடீரென்று வந்ததல்ல. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 45ஆவது ஷரத்து, பதினான்கு வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பத்தாண்டுகளுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்றது. எந்த வயதிலிருந்து என்று சொல்லவில்லை. கைக்குழந்தையும் அதற்குள் அடக்கம். 2002இல் 86ஆவது திருத்தம் வந்தபோது கல்வி அடிப்படை உரிமையாயிற்று. தேசமே பாராட்டியது, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த உரிமை ஆறு வயதில்தான் ஆரம்பிக்கிறது. மிச்சமிருந்த சின்னஞ்சிறிசுகளுக்கென்று 45ஆவது ஷரத்து திருத்தி எழுதப்பட்டது. அங்கே 'முயல வேண்டும்' அப்படியே இருந்தது. பத்தாண்டுக் கெடு மட்டும் காணாமல் போயிற்று.

ஒரு விகுதியால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்கள் தில்லிப் பெற்றோரிடம் விசாரிக்கலாம். நர்சரி அட்மிஷனுக்குக் குழந்தையையும் பெற்றோரையும் சல்லடை போட்டுச் சலிக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று யஷ்பால் கமிட்டி 1993இலேயே பரிந்துரைத்தது. கல்வி உரிமைச் சட்டமும் இப்படிச் சலிப்பதைத் தடை செய்திருக்கிறது. அது தனியார் பள்ளிகளின் நர்சரி வகுப்புக்கும் செல்லுமா என்ற கேள்வி தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, ஆறு வயதுக்குக் கீழே செல்லாது என்று 2013இல் பதில் வந்தது. நீதிபதிகளைக் குறை சொல்ல முடியாது. இருந்த வினைச்சொல்லைத்தானே அவர்கள் படிக்க முடியும்? சட்டத்தை நர்சரிக்கும் நீட்டிக்க அரசு யோசிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்றும் அவர்கள் சேர்த்துச் சொன்னார்கள். அரசு யோசித்துக்கொண்டேயிருக்கிறது.

உரிமை இல்லாத இடத்தில் இந்தியா என்ன கட்டியிருக்கிறது என்று பார்த்தால், வியப்பாகத்தான் இருக்கிறது. ஏறக்குறைய 14 லட்சம் அங்கன்வாடிகள். உலகில் இவ்வளவு பெரிய குழந்தைகள் திட்டம் வேறு எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. அதன் வேர் மகாராஷ்டிரத்தின் கடலோரத்தில் இருக்கிறது. மான்டிசோரி முறையை இந்திய ஏழைக் குழந்தைக்கு ஏற்றபடி மாற்ற முடியுமா என்று யோசித்த தாராபாய் மோடக், 1945இல் போர்டி கிராமத்துக்குப் போனார். அனுதாய் வாக் அவருடன் சேர்ந்தார். பிறகு கோஸ்பாட் மலையில் வார்லி ஆதிவாசிக் குழந்தைகளிடையே இருவரும் வேலை செய்தார்கள். குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லையென்றால் பள்ளி அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போகட்டும் என்பது அவர்கள் கண்ட வழி. விலை உயர்ந்த மரச் சாமான்களுக்குப் பதிலாகக் கூழாங்கல், சிப்பி, இலை, விதை. 'ஆங்கன்' என்றால் முற்றம். அங்கன்வாடி அங்கே பிறந்த சொல்.

(நம்மூரில் இன்றும் 'பால்வாடி'தான். பால என்றால் குழந்தை என்ற வடமொழி அர்த்தம் யாருக்கும் நினைவில்லை. பால் கொடுக்கும் இடம் என்றே பல பாட்டிமார்கள் நம்பினார்கள். சோறு போடும் இடம் என்ற பெயர் அதற்கு நிலைத்துப் போனதில் இந்த மயக்கத்துக்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும்.)

முற்றத்தை தில்லிக்குக் கொண்டுவந்ததில் ஒரு தமிழ்த் தொடர்பு உண்டு. பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளைப் பற்றி ஆராய அமைக்கப்பட்ட குழு 1972இல் ஓர் அறிக்கை தந்தது. தலைவர் மீனா சுவாமிநாதன். 'வாசவேச்வரம்' எழுதிய கிருத்திகாவின் மகள், விவசாய விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் மனைவி. 2022இல் அவர் காலமானபோது நாளேடுகள் இரண்டாவது அடையாளத்தையே முதலில் எழுதின. உணவு, உடல்நலம், கல்வி மூன்றையும் பிரிக்காமல் ஒரே குழந்தைக்கு ஒரே இடத்தில் தர வேண்டும் என்ற சிந்தனைக்கு அந்த அறிக்கை வலுவூட்டியது. 1975 அக்டோபர் 2ஆம் தேதி 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது.

ஒருங்கிணைத்தார்கள், சரி. யார் தலையில் ஒருங்கிணைத்தார்கள்?

காலை பதினொரு மணிக்கு ஏதாவது ஓர் அங்கன்வாடிக்குள் எட்டிப் பாருங்கள். ஓர் ஊழியர், ஓர் உதவியாளர். உதவியாளர் அடுப்படியில் இருப்பார். ஊழியரின் கையில் ஆறு பணிகள். சத்துணவு, முன்பருவக் கல்வி, தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துப் போதனை, தடுப்பூசிக்கு ஆள் திரட்டுவது, உடல் பரிசோதனை, நோயுற்ற குழந்தையை மருத்துவமனைக்கு அனுப்புவது. இதற்கு நடுவே கர்ப்பிணி ஒருத்தி சத்துமாவு வாங்க வந்து நிற்பாள். எடை போட வேண்டும், உயரம் அளக்க வேண்டும். 2021 முதல் இவற்றையெல்லாம் போஷன் டிராக்கர் என்ற செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காத இடத்தில் வாசலுக்கு வந்து போனை உயரத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல் வேலையும் பல இடங்களில் இவர் பக்கமே ஒதுங்கும்.

இந்த நெரிசலில் எது நசுங்கும்? சோறு போடாவிட்டால் ஊர் கேட்கும். எடையைப் பதியாவிட்டால் மேலிடம் கேட்கும். கதை சொல்லவில்லை, பாட்டுச் சொல்லித் தரவில்லை என்று யார் கேட்கப் போகிறார்கள்? மூன்று வயதுக் குழந்தை புகார் எழுதாது.

தரத்தை உயர்த்துவது என்று பேச்சு வந்தாலே நம் நிபுணர்கள் புதிய பாடத்திட்டம், புதிய கையேடு, புதிய பொம்மைப் பெட்டி என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால்தான் தமிழ்நாட்டில் நடந்த ஒரு பரிசோதனை எனக்கு முக்கியமாகப் படுகிறது. கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 640 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் அரை நேரம் வேலை செய்ய இன்னொரு பெண்மணி நியமிக்கப்பட்டார். அவருக்கு ஒரே வேலை: குழந்தைகளுக்குக் கற்பிப்பது. வேறெதுவும் மாறவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, கூடுதல் ஆள் இருந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்காகியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் தெளிவாக முன்னே நின்றார்கள். இது ஓரளவு எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராத செய்தி தராசிலிருந்து வந்தது. அந்த மையங்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளும் மற்ற மையங்களைவிடக் குறைவு. புதிதாக வந்தவர் ஒரு கவளம் சோறுகூட ஊட்டவில்லையே, இது எப்படி? அவர் பாடத்தைப் பார்த்துக்கொண்டதால் பழைய ஊழியருக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்தது. அந்த நேரத்தை அவர் சத்துணவிலும் குழந்தைகளின் உடல்நலத்திலும் செலவழித்திருக்கிறார். செலவைவிடப் பலன் பல மடங்கு என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 2024இல் பொருளாதாரத் துறையின் முன்னணி இதழ் ஒன்றில் இது வெளிவந்தது. மேலும் இரண்டு கைகள், அரை நாள். இதைப் புரிந்துகொள்ள மூளை நரம்பியல் தேவையில்லை. ஆனால் கொள்கை ஆவணங்கள் எல்லாமே மூளையிலிருந்துதான் தொடங்குகின்றன. மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் முடிந்துவிடுகிறது என்பது 2020 தேசியக் கல்விக் கொள்கையின் பிரபலமான வரி. அவ்வளவு அவசரமான மூளையை நாம் ஒற்றை ஆளிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

தனியார் நர்சரிகள் இதைவிட மேல் என்று நினைக்கும் நடுத்தர வர்க்கத்துக்கும் ஒரு வார்த்தை. அசாம், ராஜஸ்தான், ஆந்திர-தெலங்கானா பகுதிகளில் சுமார் 14,000 குழந்தைகளை நான்கு வயது முதல் எட்டு வயதுவரை தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வு 2017இல் வெளியானது. அங்கன்வாடியில் கற்பித்தல் சொற்பம். தனியாரில் ஒன்றாம் வகுப்பையே சுருக்கி எழுத்தும் எண்ணும் மனப்பாடம். இரண்டுமே அந்த வயதுக்கு ஏற்றவை அல்ல. டை கட்டிய குழந்தைக்கும் கட்டாத குழந்தைக்கும் கிடைக்காமல் போவது ஒன்றுதான்: விளையாட்டு.

இந்தத் துறைக்குத் தலைமை யார் என்று கேட்டால் பதில் இன்னும் சிக்கல். அங்கன்வாடி மகளிர், குழந்தைகள் நலத் துறையிடம் இருக்கிறது. பள்ளி கல்வித் துறையிடம். மூன்று முதல் எட்டு வயதுவரை ஒரே 'அடித்தளப் பருவம்' என்று 2020 கொள்கை சொல்கிறது. குழந்தை ஆறு வயதில் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குக் குடிபெயர்கிறது. இரு துறைகளும் மோதும்போது என்னவாகும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கிப் பள்ளி ஆசிரியர்களை அங்கே மாற்றினார்கள். பதவி இறக்கம் என்று ஆசிரியர்கள் கொதித்தார்கள். 2022இல் வகுப்புகளை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அறிவிப்பு வாபஸ். கர்நாடகத்தில் 2024இல் அரசுப் பள்ளிகளிலேயே இந்த வகுப்புகளை ஆரம்பிக்க முனைந்தபோது அங்கன்வாடி ஊழியர்கள் தெருவுக்கு வந்தார்கள். குழந்தைகள் அங்கே போய்விட்டால் தங்கள் மையத்தில் யார் மிஞ்சுவார்கள் என்பது அவர்கள் கேள்வி. ஓர் ஊரில் ஆசிரியருக்கு இறக்கமாகத் தெரியும் அதே இடம், இன்னோர் ஊரில் ஒரு பெண்ணுக்குக் காப்பாற்ற வேண்டிய பிழைப்பு.

அன்றாடத் தலைமை மேற்பார்வையாளரிடம் இருக்க வேண்டும். சுமார் இருபத்தைந்து மையங்களுக்கு ஒருவர் என்பது விதி. மாதம் ஒருமுறை வரும் அவர் பதிவேட்டைப் புரட்டுவாரா, குழந்தைகளோடு உட்கார்ந்து ஒரு பாட்டு எப்படிச் சொல்லித்தருவது என்று காட்டுவாரா? அவர் பதவிப் பெயரிலேயே பதில் இருக்கிறது. மேலிருந்து பார்ப்பவர்.

இனி ஊழியரின் சம்பளம். மன்னிக்கவும், சம்பளம் என்று சொல்லக்கூடாது. 'ஹானரேரியம்' என்கிறது அரசு. தமிழில் மதிப்பூதியம். மதிப்பு எவ்வளவு? 2018 அக்டோபரில் மத்திய அரசு தன் விகிதாசாரத்தின்படி நிர்ணயித்த தொகை ஊழியருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. இதற்கு மேல் மாநிலங்கள் தங்கள் சக்திக்கேற்பச் சேர்த்துக் கொடுக்கின்றன. சில தாராளமாக, சில கஞ்சத்தனமாக. 2006 டிசம்பர் மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. 7ஆம் தேதி, கர்நாடக வழக்கொன்றில், அங்கன்வாடி ஊழியர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்ல என்று தீர்ப்பாயிற்று. 13ஆம் தேதி, உணவு உரிமை வழக்கில், நாடெங்கும் 14 லட்சம் அங்கன்வாடிகளை 2008 இறுதிக்குள் திறக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரே வாரம். மையம் அரசின் கடமை, அதை நடத்துகிறவள் அரசின் ஆள் இல்லை. இரண்டுக்கும் நடுவே பதினைந்து ஆண்டுக்குப் பிறகு ஒரு சிறு பாலம் போடப்பட்டது. குஜராத்திலிருந்து வந்த வழக்கில், இவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மதிப்பூதியம் வாங்குவதாகச் சொல்லப்பட்டவர்கள் வாங்குவது ஊதியம்தான் என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள்.

கொள்கைக்குக் குறைவில்லை. 2013இல் ஒரு தேசியக் கொள்கை, 2020இல் இன்னொன்று, 2022இல் அடித்தளப் பருவத்துக்கான பாடத்திட்டச் சட்டகம், 2023இல் 'போஷணும் படிப்பும்' என்ற திட்டம். படித்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. விளையாட்டு வழிக் கல்வி, வீட்டு மொழியில் தொடக்கம், குழந்தைக்குப் பரீட்சை வேண்டாம் என்று தாராபாயும் அனுதாயும் கேட்டால் தலையாட்டும் விஷயங்கள். 2030க்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் தரமான முன்பருவக் கல்வி என்று இலக்கும் உண்டு. 11ஆவது பிரிவின் 'லாம்' மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அந்த இலக்குக்காக ஊழியர்களுக்குப் பயிற்சியும் உண்டு. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு, அதற்குக் கீழே படித்தவர்களுக்கு ஓராண்டு டிப்ளமா. அன்றாட வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் டி.டி.எச். சானலிலும் ஸ்மார்ட்போனிலும் படித்துக்கொள்ளலாம் என்கிறது 2020 கொள்கை. அதாவது சமையல் முடித்து, எடை போட்டு, செயலியில் ஏற்றி, வீட்டுக்கு வந்து தன் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, அதே போனில். மாதம் ஒரு நாளாவது நேரடி வகுப்புக்கும் போக வேண்டும். அன்றைக்கு மையத்தைத் திறந்துவைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போவது யார் என்பதை மட்டும் கொள்கையில் தேடிப் பார்த்தேன். அந்த வாக்கியத்தை யாரும் எழுதவில்லை.