பம்பைக் கழற்றுமுன் கேஜைப் போடுங்கள்

பழைய பாப்கேட் லோடர் பாரம் தூக்கத் திணறினால், பார்த்தவுடனே “பம்ப் போச்சு” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். வண்டியை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவரின் சேமிப்பு அந்த ஒரு வார்த்தையில் கரைந்துபோகிறது. இது அநியாயம். முதலில் ஹைட்ராலிக் ஆயிலைப் பாருங்கள். அளவு குறைந்திருக்கிறதா? நுரைத்திருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, பெரும்பாலும் உறிஞ்சும் ஹோஸில். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. தூக்கும் கை மட்டும் சோர்ந்து, பக்கெட் வழக்கமான பலத்தோடு கவிழ்ந்து நிமிர்கிறது என்றால் பம்பின்மேல் பழிபோட அவசரப்படக் கூடாது. லிஃப்ட் சிலிண்டரின் சீலையும் அதற்கு ஆயிலைத் திருப்பிவிடும் வால்வின் ஸ்பூலையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தூக்கும் கை, பக்கெட் இரண்டுமே சோர்ந்திருந்தால் ஃபில்டர், ரிலீஃப் வால்வு, கடைசியாகத்தான் பம்ப். காலையில் நன்றாகத் தூக்கி, ஆயில் சூடேறியதும் துவண்டால் உள்ளுக்குள் ஏதோ தேய்ந்திருக்கிறது. அழுத்தம் காட்டும் கேஜ் போடாமல் ரிலீஃப் வால்வை இறுக்குவது ஆபத்து. கசிவைக் கையால் தடவித் தேடுவது அதைவிட ஆபத்து: ஊசிமுனைத் துளையில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே எடுக்கவேண்டி வரலாம். பம்பை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம், கேஜ் காட்டிய அழுத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள்.